தாமான் முழுக்கச் சேர்ந்து பிளாஸ்டிக்கைக் குறைப்பது எப்படி

மலேசியாவில் தாமான் என்று சொல்லும் நம் குடியிருப்புப் பகுதியில் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்று நாலு பேர் கூடிப் பேசினால் முதலில் எழும் யோசனை, மறுசுழற்சித் தொட்டி வைப்பது. அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை மட்டும் வைத்துவிட்டால் கொஞ்ச நாளில் அதன் பக்கத்தில் பழைய மெத்தை வந்து சாயும். குழம்பு ஒட்டிய தாப்பாவ் பைகள், அதாவது கடையில் சாப்பாடு கட்டி வாங்கிவந்த பைகள், விழுந்து, உள்ளே இருக்கும் நல்ல புட்டிகளையும் நாறடிக்கும். வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக் மட்டும் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

கோலாலம்பூரின் குப்பை கெப்போங் பக்கம் உள்ள தாமான் பெரிங்கின் இடமாற்று நிலையம் வழியாக உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் நிலப்புதைகுழிக்குப் போகிறது. பினாங்கின் குப்பை, நிபோங் திபால் பக்கம் இருக்கும் புலாவ் புருங்கிற்குப் போகிறது. 2022 ஜனவரியில் அங்கே பற்றிய தீயின் புகையைச் சுற்றுவட்டார மக்கள் நாள்கணக்கில் சுவாசித்தார்கள். நம் வாசலிலிருந்து லோரி எடுத்துப் போவது இன்னொருவர் வாசலில்தான் இறங்குகிறது. ஆகவே வேலையின் பெரும்பகுதி, பிளாஸ்டிக் வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும். ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாத மூன்று காரியங்களை ஒரு தாமான் செய்ய முடியும்: பக்கத்துக் கடைகளோடு பேசி வழக்கத்தை மாற்றுவது, விருந்துக்கான தட்டு, குவளைகளைப் பொதுவில் வைத்துக்கொள்வது, மொத்தமாக வாங்கிப் பகிர்வது. இந்த மூன்றும் ஓடத் தொடங்கிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் தொட்டி.

தொடங்க ஐந்து பேர் போதும். ஒருவர் கடைகளோடு பேசுபவர், ஒருவர் கணக்கு, ஒருவர் பாத்திரங்களுக்குப் பொறுப்பு, இருவர் ஞாயிறு காலை வேலைக்கு. அடுக்குமாடியாக இருந்தால் கூட்டு நிர்வாகக் குழுவிடம் முதலிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம்கூடப் பொதுச்சொத்து. சொல்லாமல் ஒரு பெட்டி வைத்தாலும் யாராவது புகார் செய்வார்கள். தரைவீட்டுத் தாமானில் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்க அமைப்பு அல்லது குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் செய்தால் மண்டபமும் மேசை நாற்காலியும் கிடைக்கும், மலாய், சீன அண்டை வீட்டாரும் இது தங்களுக்கும் உரியது என்று வருவார்கள். தமிழர் மட்டும் நடத்தும் ஏற்பாடாக அது சுருங்கிவிடக்கூடாது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அறிவிப்பு மலாயிலும் இருக்கட்டும்.

முதலில் எண்ணுங்கள்

பத்து வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். கைக்குழந்தை உள்ள வீடு, முதியவர் தனியாக இருக்கும் வீடு, தினமும் வெளியில் வாங்கிச் சாப்பிடும் இளைஞர்களின் வாடகை வீடு என்று கலந்து இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் 10 கிலோ அரிசி வந்த காலிப் பை ஒன்றைக் கொடுத்து, ஏழு நாளைக்கு வரும் பிளாஸ்டிக்கையெல்லாம் அலசி, காயவைத்து அதில் போடச் சொல்லுங்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை வாரங்கள் வேண்டாம், கணக்கு ஏறுமாறாகிவிடும். பையில் வீட்டு எண்ணோ பெயரோ எழுதாமல் ஒன்றிலிருந்து பத்து வரை எண் மட்டும் போடுங்கள். தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டுக்காரர் கிளறிப் பார்ப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். குழந்தை, முதியோர் அணையாடைகள் பைக்குள் வேண்டாம்; எத்தனை என்று ஒரு சீட்டில் குறித்தால் போதும்.

ஞாயிறு காலை மண்டபத்தில் ஒரு கித்தானை விரித்து, கையுறை போட்டுக்கொண்டு ஆறு குவியலாகப் பிரியுங்கள்: கடைப் பைகள்; தாப்பாவ் சமாச்சாரம், அதாவது குழம்புப் பை, பெட்டி, உறிஞ்சுகுழாய், கரண்டி, சம்பால் பொட்டலம்; தண்ணீர், பானப் புட்டிகள்; பிஸ்கட், மீ, எண்ணெய் போன்ற உணவு உறைகள்; சலவை, பாத்திரம் கழுவும் திரவப் புட்டிகள்; இணையத்தில் வாங்கிய பொருள்களின் உறைகள். ஒவ்வொன்றையும் எண்ணவும் வேண்டும், நிறுக்கவும் வேண்டும். பயணப்பெட்டி தூக்கி நிறுக்கும் கைத்தராசு போதும்.

இரண்டும் எதற்கு என்றால், எடையை மட்டும் பார்த்தால் கனமான சலவைத் திரவப் புட்டிதான் முதலில் நிற்கும். அதற்கோ வாங்க ஆள் இருக்கிறது. உறிஞ்சுகுழாய் ஒரு கிராம்கூட இருக்காது, ஆனால் அதை எடுத்துக்கொள்ள உலகில் ஆளில்லை. எண்ணிக்கையில் அதிகமாக இருப்பது, பழைய பொருள் வாங்குபவர் தொடாதது, நடந்து போகும் தூரத்துக் கடைகளிலிருந்து வருவது: இந்த மூன்றும் சேர்ந்த குவியல் எதுவோ அதில் கைவையுங்கள். பெரும்பாலான தாமான்களில் அது தாப்பாவாகத்தான் இருக்கும். அந்தக் குவியலை அள்ளிப் போடுவதற்கு முன், பெட்டியிலும் பையிலும் அச்சாகியிருக்கும் கடைப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வேலை அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது.

கடைக்காரரோடு பேசுவது

ஒருவருக்கு ஒரு வாழையிலைச் சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கினால் என்ன வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். சோற்றுக்கு ஒரு பெட்டி, பிரட்டலுக்கு ஒரு சின்னப் பெட்டி. குழம்பு, ரசம், மோர், அப்பளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பை. ஒரு கரண்டி. எல்லாவற்றையும் சேர்த்து வெளிப்பை. தே ஓ ஐஸ் என்ற பாலில்லாத ஐஸ் தேநீரும் சொல்லியிருந்தால் கயிறு போட்ட பை ஒன்று, அதில் உறிஞ்சுகுழாய் ஒன்று. ஒருவர் ஒருவேளை சாப்பிட்டதற்குப் பத்துப் பிளாஸ்டிக். அரை மணி நேரப் பயன்பாடு.

இந்தப் பத்தில் கடைக்காரர் எந்தச் சிரமமும் இல்லாமல் நிறுத்தக்கூடியவை வெளிப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய். முதல் சந்திப்பில் இதை மட்டும் கேளுங்கள்: "கேட்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள்." தள்ளுபடி கேட்காதீர்கள், பாத்திரத்தைப் பற்றிக்கூடப் பேச வேண்டாம். போகும் நேரம் முக்கியம். மதியக் கூட்டம் கலைந்து, இரவுச் சமையல் தொடங்குவதற்கு முந்தைய மாலை 3 மணி வாக்கில் முதலாளி கல்லாவில் சற்று ஓய்வாக இருப்பார். இரண்டு பேர் போனால் போதும். பத்துப் பேராகப் போய் நின்றால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். கையில் வழக்கமாக அங்கே வாங்கும் வீடுகளின் எண்ணிக்கை இருக்கட்டும். "அண்ணே, எங்கள் தாமானில் முப்பது வீடு உங்களிடம் வாங்குகிறது, பையும் கரண்டியும் அவர்களுக்கு வேண்டாமாம், உங்களுக்கும் செலவு மிச்சம்" என்று சொன்னால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. கல்லாப் பக்கம் ஒட்ட மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் ஒரு சிறு அட்டையை நீங்களே அச்சடித்துக் கொண்டுபோய்விடுங்கள். முதலாளி ஒப்புக்கொண்டாலும் பொட்டலம் கட்டுபவர் பழக்கதோஷத்தில் போட்டுக்கொண்டேதான் இருப்பார். முதல் இரண்டு வாரமும் வாங்குகிறவர்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உணவு விநியோகச் செயலிகளில் கரண்டி வேண்டாம் என்று குறிக்கும் வசதி இருக்கிறது. அதையும் குழுவில் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.

மாதம் ஒன்று கழிந்ததும் பாத்திரத்துக்கு வாருங்கள். கடைக்காரர்கள் பாத்திரத்தை மறுக்கப் பொதுவாக மூன்று காரணங்கள், மூன்றும் நியாயமானவை.

முதலாவது அளவு. கடை, பை அளவை வைத்துத்தான் விலை போடுகிறது. பெரிய பாத்திரத்தை நீட்டினால் கூட ஊற்ற வேண்டியிருக்குமோ என்று அவருக்கும், குறைத்து ஊற்றுகிறாரோ என்று நமக்கும் சந்தேகம். இதற்கு ஒரே ஒரு முறை உட்கார்ந்து கோடு போட்டுவிட வேண்டும். கூட்டமில்லாத நேரத்தில் உங்கள் பாத்திரத்தைக் கொண்டுபோங்கள். கடையின் வழக்கமான ஒரு பைக் குழம்பைக் காசு கொடுத்து வாங்கி, அங்கேயே பாத்திரத்தில் ஊற்றச் சொல்லுங்கள். நின்ற மட்டத்தில் உட்பக்கம் ஓர் ஆணியால் கோடு கிழியுங்கள். மார்க்கர் பேனாவால் போட்ட கோடு கழுவக் கழுவ அழிந்துவிடும். ஒரே வகைப் பாத்திரத்தை எல்லா வீடும் வாங்கினால் ஒரு பாத்திரத்தில் அளந்த கோட்டை மற்றவற்றிலும் போட்டுவிடலாம். சோற்றுக்கு 800 மில்லி, குழம்புக்கு 300 மில்லியில் இரண்டு, ரசத்துக்கு மூடி திருகும் 250 மில்லி ஒன்று, பானத்துக்கு 500 மில்லி குடுவை ஒன்று: ஒருவருக்கு இது தாராளம். எவர்சில்வரில், மூடியில் ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள். வளையம் இல்லாத மூடி, மோட்டார்சைக்கிளில் முதல் வேகத்தடையிலேயே குழம்பைச் சிந்திவிடும். அடுக்குப் பாத்திரம் வேண்டுமென்றால் பசாரில் மங்கோக் திங்காட் என்று கேளுங்கள். ஆனால் பெரும்பாலும் அதன் மூடி ரசத்தைத் தாங்காது.

இரண்டாவது சுத்தம். வாடிக்கையாளர் பாத்திரம் அழுக்காக இருந்து வயிற்றுப்போக்கு வந்தால் பழி கடைக்கு. ஆகவே நன்கு கழுவி, ஈரமில்லாமல், மூடியைத் திறந்து வைத்து நீட்டுங்கள். கடையின் ஒரு தட்டில் பாத்திரத்தை வைத்து, கரண்டி விளிம்பில் படாமல் மேலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் கடையின் கரண்டி எதையும் தொடாது, ஊழியரின் கையும் பாத்திரத்தைத் தொடாது.

மூன்றாவது நேரம். மதியம் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை வரிசை நிற்கும்போது ஐந்து மூடியைத் திறந்து மூடுவது எல்லோரையும் எரிச்சல்படுத்தும். முன்கூட்டியே புலனத்தில் சொல்லிவிட்டு, பெயர் எழுதிய பாத்திரத்தைக் கூட்டத்துக்கு முன்பே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அலுவலகத்தில் நாலு பேருக்கு ஒருவர் போய் வாங்குவதாக இருந்தால் இதுதான் சரியான வழி.

மலாய், சீனக் கடைகளில் "தாக் மாவ் பிளாஸ்டிக், பெக்காஸ் ஆடா" (பிளாஸ்டிக் வேண்டாம், பாத்திரம் இருக்கிறது) என்ற ஒரு வாக்கியம் போதும். ஆர்டர் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். பையில் ஊற்றி முடிச்சுப் போட்ட பிறகு சொன்னால், அவர் அதைப் பிரித்துப் பாத்திரத்தில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடுவார்.

பசாரில் மீன், கோழிக்கு மூடியுள்ள பெட்டி இரண்டு கொண்டுபோங்கள். பெட்டியோடு நிறுக்க விடாதீர்கள். வியாபாரியின் தட்டில் நிறுத்து, காசு சொன்ன பிறகு பெட்டியில் போடச் சொன்னால் தகராறே வராது. பெட்டிக்குள் முதலிலேயே கொஞ்சம் ஐஸ் போட்டு எடுத்துச் சென்றால் மீன் வீடு வரும்வரை கெடாது. காய்கறிக்குப் பழைய வலைப்பைகள் போதும்.

விருந்துப் பாத்திரங்கள்

நம் ஆட்கள் இருக்கும் தாமானில் வருடம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்: காதுகுத்து, பிறந்தநாள், தீபாவளித் திறந்த இல்லம், துக்க வீட்டுச் சாப்பாடு, கோயில் அன்னதானம். ஒரு வீட்டு விசேஷத்தில் ஒரே மாலையில் போகும் பிளாஸ்டிக் தட்டும் குவளையும், அந்த வீடு மாதக்கணக்கில் மிச்சம் பிடித்ததைச் சாப்பிட்டுவிடும். ஆகவே ஒரு தாமான் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு சேர்க்க முடியும் என்றால் அது பொதுப் பாத்திரமாக இருக்கட்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

அறுபது வீடுகள் உள்ள தாமானுக்கு 150 எவர்சில்வர் தட்டு, 150 குவளை, 100 கிண்ணம், 150 கரண்டி, குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர்க் கலன் நான்கு. இதற்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். பெரிய விருந்துக்குப் பக்கத்துத் தாமானிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். தட்டுகளை ஒரே அளவில் வாங்குங்கள். அளவு மாறினால் அடுக்கு நிற்காது. பெட்டிக்கு 30 தட்டு என்று பிரித்து வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் ஒரு பெண்மணியோ வயதானவரோ தனியாகத் தூக்க முடியாது. மூடியின் உட்புறம் "தட்டு 30" என்று எழுதி ஒட்டினால் திருப்பி வைக்கும்போதே எண்ணிவிடுவார்கள்.

இங்கே ஒன்றை ஆரம்பத்திலேயே தீர்த்துவிட வேண்டும். பன்றி பரிமாறிய தட்டில் சாப்பிட முஸ்லிம் அண்டை வீட்டாரும், மாடு பரிமாறிய தட்டில் சாப்பிட இந்துக்களும் தயங்குவார்கள். கோயில் அன்னதானத்துக்கு அசைவம் பட்ட பாத்திரத்தை எடுக்க முடியாது. கேட்டால் முகதாட்சண்யத்துக்கு "பரவாயில்லை" என்பார்கள், அடுத்த விருந்துக்கு மறுபடியும் பாலிஸ்டைரின் பெட்டியோடு வருவார்கள். எனவே இரண்டு தொகுதி. ஒன்று சைவம் மட்டும். மற்றொன்றில் ஹலால் உணவு மட்டும். மாட்டிறைச்சி கிடையாது, மதுவும் கிடையாது. இந்த விதியை இரவல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். சைவத் தொகுதிக்கு அடையாளமாகத் தட்டின் அடியில் மூன்று புள்ளிகள் குத்திக்கொள்ளுங்கள். சென்டர் பஞ்ச் என்ற குத்தூசியும் சுத்தியலும் இருந்தால் நிமிடத்தில் ஆகும். நகப்பூச்சு, ஸ்டிக்கர், வண்ணக் கோடு எல்லாம் நாலு கழுவலில் போய்விடும். பெட்டிகளையும் வேறு நிறத்தில் வாங்கிவிட்டால் இருட்டில் எடுத்தாலும் மாறாது.

பாத்திர ஏற்பாடு தோற்பது கழுவும் இடத்தில்தான். விருந்து முடிந்து இரவு பதினொரு மணிக்கு 150 தட்டு குவிந்து கிடக்கும், எல்லோருக்கும் களைப்பு. அடுத்த விசேஷத்தில் "யார் கழுவுவது?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆகவே பாத்திரம் கொடுக்கும்போதே கழுவப்போகும் மூவரின் பெயரைப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். ஆளில்லாத வீட்டுக்கு, தாமானிலேயே பகுதிநேர வேலை தேடும் யாரையாவது ஏற்பாடு செய்து, கூலியை விருந்து வீடே கொடுக்கட்டும். பிளாஸ்டிக் தட்டு வாங்கும் காசு மிச்சமாவதால் அது பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

கழுவும் முறை இப்படி இருக்கட்டும்: சாப்பிட்டவர்களே மிச்சத்தை ஒரு வாளியில் வழித்துப் போட்டுவிட்டுத் தட்டை முதல் தொட்டித் தண்ணீரில் ஊறவிட வேண்டும். காய்ந்து ஒட்டிய சோற்றைத் தேய்ப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. ஊறினால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது தொட்டியில் சுடுநீரும் சோப்பும், மூன்றாவதில் சுத்தமான நீர். கடைசியில் துணியால் துடைக்க வேண்டாம். ஈரத்துணி நாற்றத்தையும் கிருமியையும் எல்லாத் தட்டுக்கும் பரப்பும். கம்பி அடுக்கில் சாய்த்து வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு அடுக்கிய குவளை இரண்டே நாளில் நாற்றமெடுக்கும். தட்டின் மேல் ஒரு வாழையிலைத் துண்டு போட்டுப் பரிமாறினால் கழுவும் வேலை வெகுவாகக் குறையும்.

முன்பணமாக 50 ரிங்கிட் வாங்கி, எண்ணிக்கை சரியாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கரண்டிகள் காணாமல் போகத்தான் செய்யும்; மிச்சத்தோடு வழித்துக் கொட்டப்படுவதுதான் காரணம். வாளியின் வாயில் ஒரு கம்பிவலையை மாட்டுங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழு உங்கள் தாமானில் இருந்தால், பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ பெட்டி பெட்டியாகக் குடிநீர்ப் புட்டிகளைக் கொண்டுபோவதை மாற்றலாம். 20 லிட்டர் கலன்களை இடுப்பளவு மேசையில் வைத்து, பக்தர்கள் தாங்கள் கொண்டுவந்த புட்டியில் நிரப்பிக்கொள்ள விடுங்கள். புட்டி இல்லாமல் வருபவர்களுக்கு எவர்சில்வர் குவளை. வாய்படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு என்றாலும் கூட்டத்தில் எல்லோரும் அப்படிக் குடிக்கமாட்டார்கள். ஆகவே ஒருவர் குடித்த குவளை கழுவாமல் மேசைக்குத் திரும்பக்கூடாது. அழுக்குக் குவளைக்குத் தனிக் கூடை, கழுவ நாலு பேர், மாற்றுக் குவளை 300. ஆள் கிடைக்கவில்லை என்றால் குவளையை விட்டுவிட்டு, புட்டியில் நிரப்பித் தருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அரைகுறையாகக் கழுவிய குவளையைவிட அது நல்லது.

மொத்தமாக வாங்குவது

பாத்திரம் கழுவும் திரவத்தையும் சலவைத் திரவத்தையும் 20 லிட்டர் கலனில் வாங்கி, இருபது வீடு ஒரு லிட்டராகப் பிரித்துக்கொண்டால் கலன் ஒன்றுக்கு இருபது புட்டி குறையும். பகிரும் நாளில் ஒவ்வொருவரும் பழைய புட்டியை உலர்வாகக் கொண்டுவர வேண்டும். உள்ளே நீர் தேங்கியிருந்தால் திரவம் கெட்டுவிடும். சேமித்து வைப்பதற்கு முன் நீர் கலந்து அதிகமாக்க வேண்டாம், பயன்படுத்தும்போது கலந்துகொள்ளலாம். தண்ணீர்ப் புட்டியிலோ பானப் புட்டியிலோ சவர்க்காரத் திரவத்தை ஒருநாளும் ஊற்றாதீர்கள்: பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். வெளுப்பானைப் பகிரவே வேண்டாம். வெயிலிலும் வெக்கையிலும் அது வீரியம் இழக்கும். அதோடு, கழிவறை கழுவும் அமிலம் இருந்த புட்டியில் யாராவது தெரியாமல் ஊற்றினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

அரிசி, பருப்பு, மசாலாத்தூள் ஆகியவற்றுக்கும் இதே வழிதான். பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கமும் சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் மளிகைக் கடைகள் இன்னும் இருக்கின்றன. டப்பாவோடு போனால் நிறுத்துத் தருவார்கள். காலி டப்பாவை முதலில் நிறுத்துக் கழிக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.

ஈரக் குப்பை

"கடைப் பை இல்லாவிட்டால் குப்பையை எதில் கட்டுவது?" என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. பை தேவைப்படுவதே சமையலறைக் குப்பை ஒழுகுவதால்தான். காய்கறித் தோல், தேயிலைத் தூள், முட்டை ஓடு ஆகியவற்றைத் தனி வாளியில் போட்டு, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை கலந்து மூடினால் மற்ற குப்பை உலர்வாக இருக்கும், வாரத்துக்கு ஒரு பை போதும். மீன் முள், இறைச்சி, எண்ணெய் ஆகியவற்றை அந்த வாளியில் போடக்கூடாது, எலி வரும். பூந்தொட்டி வைக்கவும் இடமில்லாத மாடிவீடுகளுக்குத் தாமான் ஓரத்தில் பொது வாளி ஒன்று வைத்து, கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவு அன்று கூட்டிய இலைகளை அதன் பக்கத்திலேயே குவித்து வையுங்கள். "மக்கும் பை" என்று விற்கப்படுவதை நம்பி மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல, தொழிற்சாலை உரக் குவியலின் சூட்டில்தான் மக்கும்; நிலப்புதைகுழியில் அந்தச் சூழல் இல்லை. பிளாஸ்டிக் மறுசுழற்சியில் கலந்தாலும் கெடுதல்.

மிஞ்சியதைச் சேகரிப்பது

கோலாலம்பூரில் 2007ஆம் ஆண்டின் 672ஆவது சட்டமான திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டப்படி 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே தரம் பிரிப்பது கட்டாயம். மறுசுழற்சிப் பொருளை எடுக்கத் தனி நாளும் உண்டு. பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை. தீவிலும் செபராங் பிறையிலும் மாநகராட்சி மன்றங்களே குப்பையைக் கவனிக்கின்றன. அங்கே தரம் பிரிப்பு 2016 ஜூனில் தொடங்கியது, இலவசக் கடைப் பை 2011 முதலே எந்த நாளிலும் கிடையாது. உங்கள் தெருவுக்கு லோரி எந்த நாளில் வருகிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். அது ஒழுங்காக வந்தால் தனிச் சேகரிப்பே தேவைப்படாமல் போகலாம்.

தேவை என்றால், ஞாயிறு காலை 8 முதல் 10 வரை மட்டும் திறக்கும் சேகரிப்பு முனை வையுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் திறந்து கிடக்கும் தொட்டி வேண்டாம். இரண்டு பேர் நின்று வாங்கினால் கொண்டுவருபவரிடமே "அம்மா, இதில் எண்ணெய் இருக்கிறது, அலசிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்ல முடியும். மூன்றாவது வாரம் அவரே அலசிக்கொண்டு வருவார். இடம் கூரைக்குக் கீழே இருப்பது கட்டாயம். புட்டியில் ஒரு மூடி அளவு மழைநீர் தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாகிப் பறக்கும். மறுசுழற்சி முனையால் டெங்கி வந்தது என்று பெயர் வாங்கிவிட்டால் அந்தத் தாமானில் இனி எதுவும் செய்ய முடியாது. புட்டிகளை நசுக்கி, மூடியைத் திருகி மூடி வாங்குங்கள். சேர்த்ததை வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

எல்லாவற்றையும் வாங்காதீர்கள். அடியில் முக்கோணக் குறிக்குள் 1 என்று எண் போட்ட தெளிவான தண்ணீர், பானப் புட்டிகள். 2 என்று போட்ட பால், சலவைத் திரவப் புட்டிகள். ஆரம்பத்தில் இந்த இரண்டும் போதும். 5 எண் போட்ட பெட்டிகளை வாங்குபவர் ஒப்புக்கொண்டால் பிறகு சேருங்கள். எண் அழிந்திருந்தால் சிறு துண்டு வெட்டி, ஒரு சொட்டுச் சோப்பு கலந்த நீரில் அமுக்கிவிடுங்கள். 2ம் 5ம் மிதக்கும், 1 மூழ்கும். 3 எண் உள்ளதும் மூழ்கும், 1 போலவே தெரியும். ஆனால் உருக்கும்போது அதிலிருந்து அமிலம் கிளம்பி மொத்தச் சரக்கையும் கெடுக்கும். அதனால்தான் பழைய பொருள் வாங்குபவர்கள் கலப்புச் சரக்கைக் கண்டால் விலையைக் குறைக்கிறார்கள். பளபளக்கும் தின்பண்ட உறையைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடி நிற்காமல் விரிந்தால் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிய படலம் அது, வாங்க ஆளில்லை. கறுப்புப் பெட்டிகளும் அப்படித்தான்: பிரிக்கும் ஆலையின் ஒளிக்கண்ணுக்கு அந்தக் கறுப்பு தெரிவதில்லை. பாலிஸ்டைரின் பெட்டியில் பெரும்பகுதி காற்று. லோரியை நிரப்பினாலும் எடை தேறாது.

"சுராட் காபார் லாமா" (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரிக்காரர், பக்கத்துப் பழைய பொருள் கடை, அருகிலிருந்தால் சூ சி என்ற பௌத்த அறநிறுவனத்தின் மறுசுழற்சி நிலையம் என்று மூன்று இடங்களில் விசாரியுங்கள். எந்த எண் வாங்குவார், மூடியோடா மூடியில்லாமலா, குறைந்தது எத்தனை கிலோ, வந்து எடுப்பாரா என்பது முதலிலேயே தெரிய வேண்டும். 500 மில்லி தண்ணீர்ப் புட்டி 10 முதல் 20 கிராம்தான். ஒரு கிலோவுக்கு 50 முதல் 100 புட்டி வரை வேண்டும். இதில் பெரிய காசு வரும் என்று யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். வரும் சில்லறையைப் பாத்திர நிதியில் சேர்த்து, மாதாமாதம் எடை, தொகை, ரசீது மூன்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இருபது ரிங்கிட்டுக்குக் கணக்கு காட்டாததால் பேச்சுவார்த்தை நின்றுபோன சங்கங்கள் நம்மில் நிறைய.

வாங்காமல் மிஞ்சுவதை யாரும் பின்கட்டில் எரிக்கக்கூடாது. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். சட்டத்தைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரல் பெரிது.

ஆறு மாதம் கழித்து அதே பத்து வீடுகளில் மறுபடியும் எண்ணுங்கள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு வீடு காலி செய்துகொண்டு போயிருந்தால் அதே மாதிரிக் குடும்பம் இருக்கும் வேறு வீட்டைச் சேருங்கள். தாப்பாவ் குவியல் அப்படியே இருந்தால் கடைப் பெயர்களைத் திரும்ப எழுதிப் பாருங்கள். பழைய கடைகளே இருந்தால் பொட்டலம் கட்டும் ஊழியர் மாறியிருப்பார், அவரிடம் பேச வேண்டும். புதுக் கடை என்றால் அந்த முதலாளியைப் போய்ப் பாருங்கள்.

பாத்திர அறைச் சாவி இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். துக்க வீட்டுக்கு நடுராத்திரியிலும் தேவைப்படும். இரவல் புத்தகம், கடைப் பட்டியல், வாங்குபவரின் தொலைபேசி எண் மூன்றும் ஒரே உறையில், சங்கச் செயலாளரிடம் ஒரு பிரதியோடு இருந்தால், பொறுப்பாளர் வீடு மாறிப் போனாலும் அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு வேலை நிற்காமல் தொடங்கும்.